செயற்கைக்கோள் தரும் ஏரோசால் அளவை எவ்வளவு நம்பலாம்? தரை அளவீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க ஒரு முழு வழிகாட்டி

செயற்கைக்கோளில் இருக்கும் கருவி காற்றில் மிதக்கும் தூசையோ புகையையோ நேரடியாக அளப்பதில்லை. சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு, கீழேயிருந்து திரும்பி வரும் ஒளியைத்தான் அது அளக்கிறது. அந்த ஒளியில் நிலத்தில் பட்டுத் திரும்பியது எவ்வளவு, காற்று மூலக்கூறுகள் சிதறடித்தது எவ்வளவு, காற்றில் மிதக்கும் இத்தகைய துகள்கள், அதாவது ஏரோசால், சிதறடித்தது எவ்வளவு என்று பங்கு பிரிப்பது ஒரு கணினி நிரல். பிரிக்கும்போது அந்த நிரல் பலவற்றை ஊகித்துக்கொள்கிறது: நிலம் இவ்வளவு பிரதிபலிக்கும், இந்தப் பருவத்தில் இந்த வட்டாரத்துத் துகள்கள் இவ்வளவு ஒளியை உறிஞ்சும், இந்தப் பிக்சலில் மேகம் இல்லை என்றெல்லாம். நம் கைக்கு வரும் எண் இத்தனை ஊகங்களையும் சுமந்துகொண்டுதான் வருகிறது.

தரையில் நிற்கும் சூரிய ஒளிமானி நேராகச் சூரியனையே பார்க்கிறது. வளிமண்டலத்துக்கு மேலே சூரிய ஒளியின் வலிமை என்ன, இங்கே வந்து சேர்ந்தது எவ்வளவு என்ற இரண்டு எண்கள் தெரிந்தால் போதும், நடுவில் குறைந்தது எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். நிலத்தின் நிறம் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. செயற்கைக்கோள் தரவுக்கு இது உரைகல்லாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுலபமான வேலை போலத் தோன்றும். ஆனால் செயற்கைக்கோளின் பிழை என்று எழுதப்படுவதில் கணிசமான பகுதி, உண்மையில் ஒப்பிடுபவர் இரண்டையும் பொருத்திய விதத்தில் உண்டான பிழை. எனவே இந்த வழிகாட்டியில் புள்ளியியலைவிடப் பொருத்தும் வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்

இங்கே ஒப்பிடப்படும் அளவு ஏரோசால் ஒளியியல் தடிமன். துறையில் இருப்பவர்கள் ஏஓடி என்று சுருக்கிச் சொல்வார்கள். தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை உள்ள முழுக் காற்றுத் தூணில் ஏரோசால் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்பதைச் சொல்லும், அலகு இல்லாத ஒரு எண் இது. ஏஓடி 0.1 என்றால் நேர்க்குத்தாக வரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் ஏரோசாலைத் தாண்டி நேராக வந்துவிடும். ஏஓடி 1 என்றால் சுமார் 37 சதவீதம்தான் வரும்.

காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையங்கள் வெளியிடும் பிஎம்2.5 வேறு சமாச்சாரம். நாம் மூச்சு விடும் உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத துகள் எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்பதுதான் அது. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் புழுதிப்படலம் ஒன்று கடந்து போனால் ஏஓடி எகிறும், பிஎம்2.5 அசையாது. குளிர்காலக் காலையில் புகை தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தால் பிஎம்2.5 உச்சத்தில் இருக்கும், ஏஓடி மிதமாகவே இருக்கும். ஈரப்பதம் ஏறும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து அதிக ஒளியைத் தடுக்கும். பிஎம் கருவிகள் பலவும் காற்றை உலர்த்திய பிறகே அளக்கின்றன. இரண்டுக்கும் உள்ள உறவை ஆராயலாம், அது நல்ல ஆராய்ச்சி. அதைச் செயற்கைக்கோள் ஏஓடியின் சரிபார்ப்பு என்று அழைப்பதுதான் தவறு.

முதல் படி: தரைத் தரவைத் தேர்ந்தெடுத்தல்

உலகில் பெரும்பாலானோர் நாடுவது ஏரோநெட் வலையமைப்பை. நாசாவின் பிரென்ட் ஹோல்பன் தலைமையில் 1990களில் உருவாகி, இன்று கண்டங்கள் எங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களாகப் பரவியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே வகைக் கருவி: பிரான்ஸின் சிமெல் நிறுவனம் தயாரிக்கும் சூரிய ஒளிமானி. 340 முதல் 1640 நானோமீட்டர் வரையிலான பல அலைநீளங்களில் இது அளக்கும். பழைய மாதிரிகள் பொதுவாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பவை, புதியவை இன்னும் அடிக்கடி அளக்கும். இதைத் தவிர ஸ்கைநெட், சுவிட்சர்லாந்தின் டாவோஸை மையமாகக் கொண்ட ஜிஏடபிள்யூ-பிஎஃப்ஆர் போன்ற வலையமைப்புகளும் உண்டு. கடல் நடுவே நிலையம் வைக்க முடியாது. அங்கே ஆய்வுக் கப்பல்களில் கையடக்கக் கருவிகளால் எடுக்கப்பட்ட அளவுகளை ஏரோநெட்டின் கடல்சார் பிரிவு திரட்டி வைத்திருக்கிறது.

ஏரோநெட் தரவு மூன்று நிலைகளில் கிடைக்கும். 1.0 நிலை மேகம் நீக்கப்படாதது. 1.5 நிலையில் மேகமும் கருவிக் கோளாறுகளும் தானியங்கியாக நீக்கப்பட்டிருக்கும். 2.0 நிலையில் அத்துடன் இறுதி அளவுத்திருத்தமும் செய்யப்பட்டிருக்கும். சரிபார்ப்புக்கு 2.0 நிலைதான் தேவை. ஆனால் கருவியைக் களத்திலிருந்து கழற்றி மறுபடி அளவுத்திருத்தம் செய்த பிறகே அது வெளிவரும் என்பதால் பல மாதங்கள் காத்திருக்க நேரும். போன மாதத்து நிகழ்வு ஒன்றை ஆராய்கிறீர்கள் என்றால் 1.5 நிலையை எடுத்துக்கொள்ளலாம், அப்படி எடுத்ததைக் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும்.

அளவுத்திருத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. ஒளிமானி வளிமண்டலத்துக்கு மேலே இருந்தால் எவ்வளவு காட்டியிருக்கும் என்ற எண்தான் கணக்கு முழுவதற்கும் அடிப்படை. அங்கே போய் அளக்க முடியாது. அதனால் ஹவாயின் மௌனா லோவா, டெனெரிஃப் தீவின் இசானா போன்ற தூய்மையான மலையுச்சிகளில் முதன்மைக் கருவிகளை வைத்து, சூரியன் ஏற ஏற சமிக்ஞையின் மடக்கை எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். ஒளி கடந்து வரும் காற்றின் நீளத்துக்கு எதிராக அதை வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைக் காற்றே இல்லாத புள்ளி வரை நீட்டினால் வேண்டிய எண் கிடைத்துவிடும். இதற்கு லாங்லி முறை என்று பெயர். முதன்மைக் கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் களக் கருவிகள் சரிசெய்யப்படுகின்றன.

இந்த எண்ணில் 1 சதவீதப் பிழை இருந்தால், சூரியன் உச்சியில் இருக்கும்போது ஏஓடியில் 0.01 பிழை வரும். சூரியன் சாய்ந்து, ஒளி இருமடங்கு காற்றைக் கடக்கும்போது அதே பிழை 0.005 ஆகக் குறைந்துவிடும். எனவே அளவுத்திருத்தம் நழுவிய கருவி நண்பகலில் மேடாகவோ பள்ளமாகவோ ஒரு பொய்யான வளைவைக் காட்டும். ஒரு நிலையத்தில் நாள் தவறாமல், எல்லா அலைநீளங்களிலும் அல்லது ஏதோ ஒன்றில் மட்டும், நண்பகலை மையமாகக் கொண்டு சமச்சீரான வளைவு தெரிந்தால் முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். நன்கு பராமரிக்கப்பட்ட களக் கருவியின் பிழை காணுறு ஒளியில் சுமார் 0.01, புறஊதாவில் சுமார் 0.02. செயற்கைக்கோளின் பிழையோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு சிறியது. உரைகல் என்று சொன்னது இதை வைத்துத்தான்.

தரவை இறக்கும்போது தினசரிச் சராசரியை எடுக்காதீர்கள். ஒவ்வொரு அளவீடும் தனித்தனியாக உள்ள கோப்பை எடுங்கள். தேதி நாள்-மாதம்-ஆண்டு வரிசையில் இருக்கும், நேரம் உலகப் பொது நேரம், அளவீடு இல்லாத இடத்தில் -999 இருக்கும். தலைப்பு வரிகள் சிலவற்றைத் தாண்டித்தான் அட்டவணை தொடங்கும். தேதியைக் கணினி மாதம்-நாள் என்று மாற்றிப் படித்துவிட்டால் ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்களில் ஒன்று தவிர மற்றவை எல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இடம் மாறிப் போகும். ஒட்டுறவு கொஞ்சம் குறையுமே தவிர, நிரல் ஓடி முடிந்துவிடும்.

இரண்டாம் படி: செயற்கைக்கோள் தரவு

எடுத்துக்காட்டாக, நாசாவின் டெர்ரா, அக்வா என்ற இரண்டு செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியை வைத்துப் பேசுகிறேன். டெர்ரா செயற்கைக்கோள் 1999 டிசம்பரிலும் அக்வா 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டன. டெர்ரா நிலநடுக்கோட்டை முற்பகல் 10.30 வாக்கிலும் அக்வா பிற்பகல் 1.30 வாக்கிலும் கடக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. சமீப ஆண்டுகளில் இரண்டுமே அந்த நேரத்திலிருந்து விலகிவருகின்றன. ஆகவே பாடப்புத்தக நேரத்தை நம்பாமல் கோப்பில் உள்ள நேரத்தைப் படியுங்கள். 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் விர்ஸ் கருவிக்கும் இதே வழிமுறை பொருந்தும்.

சரிபார்ப்புக்கு இரண்டாம் நிலைத் தரவு வேண்டும். செயற்கைக்கோள் கடந்த அதே பாதையில், பிக்சல் பிக்சலாக, நேரத்தோடு இருப்பது அதுதான். ஒரு பாகைக் கட்டங்களாகச் சராசரியாக்கப்பட்ட மூன்றாம் நிலைத் தரவை எடுத்துக்கொண்டு ஒரு நிலையத்தோடு ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன. நூறு கிலோமீட்டர் பரப்பின் சராசரியை ஒற்றைப் புள்ளியோடு மோதவிட்டு, வித்தியாசத்துக்குக் கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை.

மோடிஸ் தரவிலேயே வெவ்வேறு வழிமுறைகளின் விளைவுகள் தனித்தனியாக உண்டு. டார்க் டார்கெட் என்ற வழிமுறை அடர்ந்த தாவரங்கள் உள்ள இருண்ட நிலத்திலும் கடலிலும் நன்றாக வேலை செய்யும். பாலைவனம் போன்ற பளிச்சென்ற நிலத்துக்கென்று உருவானது டீப் புளூ. இவை இரண்டின் வழக்கமான பிக்சல் 10 கிலோமீட்டர். மையாக் வழிமுறை 1 கிலோமீட்டரில் தருகிறது. எதை எடுக்கிறீர்கள், எந்தப் பதிப்பு என்பதை முதலிலேயே குறித்துவையுங்கள். பதிப்பு மாறினால் எண்களும் மாறும்.

கோப்பைத் திறந்ததும் செய்ய வேண்டியவை: அளவீடு இல்லாத இடத்தை நிரப்பும் பூர்த்தி எண்ணான -9999ஐ நீக்குவது, அதன் பிறகு 0.001 என்ற பெருக்கெண்ணால் பெருக்குவது. வரிசை மாறினால் -9.999 என்ற மதிப்புகள் சராசரிக்குள் நுழைந்துவிடும். அடுத்தது தரக்குறியீடு. நிலத்தில் 3 என்ற மிக உயர்ந்த தரம் பெற்ற பிக்சல்களையும், கடலில் 1 அல்லது அதற்கு மேற்பட்டவற்றையும் எடுப்பது டார்க் டார்கெட் குழுவின் பரிந்துரை.

இன்னொரு விஷயம். டார்க் டார்கெட் நிலத் தரவில் -0.05 வரையிலான எதிர்மறை ஏஓடி வரும். இயற்பியலில் அது சாத்தியமில்லைதான். ஆனால் உண்மை மதிப்பு 0.02ஆக இருந்து, கருவியின் பிழை 0.05ஆக இருந்தால் சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே போகத்தான் செய்யும். எதிர்மறை எண்களை வெட்டிவிட்டால் மேல்பக்கப் பிழைகள் மட்டும் எஞ்சும், தூய்மையான காற்றில் செயற்கைக்கோள் எப்போதும் அதிகம் காட்டுவது போன்ற தோற்றம் உண்டாகிவிடும். அவற்றை அப்படியே விட்டுவையுங்கள்.

மூன்றாம் படி: அலைநீளத்தை ஒன்றாக்குதல்

செயற்கைக்கோள் தரவு பெரும்பாலும் 550 நானோமீட்டரில் இருக்கும். ஏரோநெட் நிலையங்கள் பலவற்றில் அந்த அலைநீளமே இருக்காது. 440, 500, 675, 870 ஆகியவைதான் இருக்கும். 500ஐ அப்படியே 550 என்று எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம். நுண்ணிய புகைத்துகள் நிறைந்த காற்றில் இந்த ஒரு தவறே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் தரும்.

மாற்றுவதற்கு ஆங்ஸ்ட்ராம் அடுக்குக்குறி உதவும். இரண்டு அலைநீளங்களில் உள்ள ஏஓடிகளின் விகிதத்தின் மடக்கையை, அலைநீளங்களின் தலைகீழ் விகிதத்தின் மடக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். 440இல் 0.60, 675இல் 0.36 என்று வைத்துக்கொள்வோம். 0.60 ÷ 0.36 என்பதன் இயல் மடக்கை 0.511. 675 ÷ 440 என்பதன் மடக்கை 0.428. வகுத்தால் 1.19. இனி 550இல் ஏஓடி என்பது 0.60ஐ, 440 ÷ 550 என்பதன் 1.19 அடுக்கால் பெருக்குவது. விடை 0.46.

இந்த அடுக்குக்குறியே துகளைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறது. 1.5க்கு மேல் போனால் பெரும்பாலும் புகை, தொழிற்சாலை மாசு போன்ற நுண்துகள். 0.5க்குக் கீழே என்றால் புழுதி, கடலுப்பு போன்ற பருத்த துகள். பின்னால் பிழையைப் பிரித்துப் பார்க்கும்போது இது கைகொடுக்கும், அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்த்துவிடுங்கள். அடர்ந்த புகையில் மடக்கை வரைபடம் நேர்கோடாக இல்லாமல் வளையும். அப்போது நான்கு அலைநீளங்களையும் வைத்து இருபடி வளைவு ஒன்றைப் பொருத்தி 550ஐப் படிப்பது நல்லது.

நான்காம் படி: இடமும் நேரமும்

ஒளிமானி சூரியனை நோக்கிய ஒரே ஒரு மெல்லிய கோட்டைத்தான் பார்க்கிறது. பிக்சலோ நூறு சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒளிமானி ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க அளக்கும், செயற்கைக்கோள் ஒரு நொடியில் கடந்துவிடும். இரண்டையும் இணைக்கப் பரவலாகப் பயன்படும் வழி: நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டர் சதுரத்தில், அதாவது 5க்கு 5 பிக்சல்களில், செயற்கைக்கோளின் சராசரியை எடுப்பது. கடந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் 30 நிமிடங்களில் ஒளிமானியின் சராசரியை எடுப்பது. 25 பிக்சல்களில் குறைந்தது 5, ஒளிமானியில் குறைந்தது 2 அளவீடு இருந்தால்தான் அந்த ஜோடி செல்லும். இந்த எண்களின் பின்னணியில் ஒரு எளிய யோசனை இருக்கிறது. ஏரோசால் திரள் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் நிலையத்தைக் கடக்கும் காற்றும் 50 கிலோமீட்டர் அகலத்தில் பரவியிருக்கும் காற்றும் ஏறத்தாழ ஒன்றே.

பிக்சலை எண்ணுவதைவிடத் தூரத்தை அளப்பது மேல். மோடிஸ் பாதையின் நடுவில் 10 கிலோமீட்டராக இருக்கும் பிக்சல், 2,330 கிலோமீட்டர் அகலமுள்ள பாதையின் விளிம்பில் ஏறத்தாழ 20க்கு 48 கிலோமீட்டராக விரிந்துவிடும். அங்கே 5க்கு 5 என்று எண்ணினால் 240 கிலோமீட்டர் அகலத்துக்குப் போய்விடுவீர்கள். எனவே நிலையத்திலிருந்து 27.5 அல்லது 25 கிலோமீட்டர் ஆரத்துக்குள் மையம் உள்ள பிக்சல்கள் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். 1 கிலோமீட்டர் தரவு என்றால் ஆரத்தைச் சுருக்கலாம். புவிநிலைச் சுற்றுப்பாதையில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் ஹிமாவாரி வரிசை போன்ற செயற்கைக்கோள்களுக்கு முன்னும் பின்னும் அரை மணி என்ற அகலமான நேரச் சாளரம் தேவையில்லை.

விதி எல்லா நிலையத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. மலையுச்சியில் உள்ள நிலையம் தனக்கு மேலே உள்ள காற்றை மட்டும் பார்க்கும். சுற்றியுள்ள பிக்சல்களில் பாதி பள்ளத்தாக்குகளாக இருந்தால் அவை கூடுதலாக ஓராயிரம் மீட்டர் கனமான அழுக்குக் காற்றையும் சேர்த்துக் காட்டும். இரண்டுமே சரியான அளவுகள், ஆனால் ஒப்பிடத் தகாதவை. நிலையத்துக்கும் பிக்சல்களுக்கும் சராசரி உயரத்தில் சில நூறு மீட்டர் வித்தியாசம் இருந்தால் அதைத் தனிப் பட்டியலில் வையுங்கள். கடலோர நிலையத்தில் நிலப் பிக்சலுக்கு ஒரு வழிமுறை, கடல் பிக்சலுக்கு வேறு வழிமுறை. இரண்டையும் ஒரே சராசரியில் கலக்காமல் தனித்தனி ஜோடிகளாக எடுங்கள்.

ஒரு ஜோடியைக் கையால் செய்து பார்ப்போம்

நிரல் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு ஜோடியையாவது காகிதத்தில் செய்து பார்ப்பது என் பிடிவாதமான பரிந்துரை. ஒரு கற்பனை உதாரணம்: செயற்கைக்கோள் நிலையத்தைக் கடந்தது உலகப் பொது நேரம் 05:12. சாளரம் 04:42 முதல் 05:42 வரை. அதற்குள் 04:43, 04:58, 05:13, 05:28 என நான்கு ஒளிமானி அளவீடுகள். 550க்கு மாற்றிய பிறகு அவை 0.44, 0.46, 0.47, 0.47. சராசரி 0.46. காற்று அமைதியாக இருக்கிறது, முக்கால் மணியில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

செயற்கைக்கோள் பக்கம் 25 பிக்சல்கள். ஒன்பதில் மேகம். மீதி பதினாறில் உயர்தரக் குறியீடு பெற்றவை 11. அவற்றின் சராசரி 0.58. வித்தியாசம் 0.12. நிலத்தில் டார்க் டார்கெட்டின் எதிர்பார்க்கப்படும் பிழை (வழிமுறைக் குழுவே அறிவித்த எல்லை) ±(0.05 + 0.15 × தரை ஏஓடி), இங்கே 0.119. ஆக இந்த ஜோடி மயிரிழையில் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

பதினொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் கதை புரியும். இரண்டு பிக்சல்கள் 0.85, 0.82. மற்ற ஒன்பதின் சராசரி 0.52தான். அந்த இரண்டும் மேகத்தை ஒட்டி இருப்பவை. மேகத்தின் ஓரத்தில் ஈரப்பதம் கூடித் துகள்கள் பருக்கும், மேகத்திலிருந்து சிதறும் ஒளியும் பக்கத்துப் பிக்சலைப் பளிச்சென்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத சிறு மேகத் துணுக்குகளும் இருக்கலாம். முதலாவது உண்மையான ஏஓடி உயர்வு, மற்ற இரண்டும் வழிமுறையின் பிழை. அங்கே எது எவ்வளவு என்று இந்தத் தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது கை அரிக்கும்: அந்த இரண்டையும் தூக்கிவிட்டால் ஜோடி எல்லைக்குள் வந்துவிடுமே! தரையோடு ஒத்துப்போகாததால் ஒரு பிக்சலை நீக்குவது மோசடிக்குப் பக்கத்துவீடு. மேகத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்குள் உள்ள பிக்சலை எடுக்கமாட்டேன் என்றோ, சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை எடுப்பேன் என்றோ ஒரு விதியை ஒப்பிடத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவைத்து, ஆயிரம் ஜோடிக்கும் அதையே கடைப்பிடித்தால் அது முறையான வடிகட்டல்.

ஒவ்வொரு ஜோடிக்கும் சராசரியோடு திட்டவிலக்கம், பிக்சல் எண்ணிக்கை, அளவீட்டு எண்ணிக்கை, பார்வைக் கோணம், சூரியக் கோணம், மேகப் பங்கு, அடுக்குக்குறி எல்லாவற்றையும் அட்டவணையில் சேமியுங்கள். பிறகு தேவைப்படும்போது மொத்தக் கோப்புகளையும் மறுபடி திறப்பது வதை.

ஐந்தாம் படி: எந்த எண்களைப் பார்ப்பது

எல்லோரும் முதலில் பார்ப்பது ஒட்டுறவுக் கெழுவை. நான் கடைசியில் பார்ப்பேன். செயற்கைக்கோள் எப்போதும் தரையைப் போல இருமடங்கு காட்டினால்கூட ஒட்டுறவு 1 வரும். ஏஓடி 0.05க்கும் 0.15க்கும் இடையிலேயே ஊசலாடும் தூய்மையான நிலையத்தில், பிழை வெறும் 0.03ஆக இருந்தாலும் ஒட்டுறவு பரிதாபமாக இருக்கும். ஆண்டுக்குச் சில முறை புழுதிப்புயல் வரும் நிலையத்தில் அந்தச் சில புள்ளிகளே கெழுவைத் தூக்கி நிறுத்திவிடும். கெழுவின் உயரம் நிலையத்தின் காற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

முதலில் வித்தியாசங்களின் சராசரியையும் இடைநிலையையும் பாருங்கள். ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று தெரியும். வித்தியாசங்களின் வர்க்கங்களைச் சராசரியாக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் இருமடிச் சராசரி மூலப் பிழை சிதறலையும் சேர்த்துச் சொல்லும். பிறகு எதிர்பார்க்கப்படும் பிழை எல்லைக்குள் எத்தனை சதவீத ஜோடிகள் விழுகின்றன என்று எண்ணுங்கள். அந்த எல்லை ஒரு திட்டவிலக்க அளவில் வரையறுக்கப்பட்டது என்பதால் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே இருந்தால் தரவு தன் வாக்கைக் காப்பாற்றுகிறது என்று பொருள். கூடவே மேலே வெளியேறியது எவ்வளவு, கீழே வெளியேறியது எவ்வளவு என்பதையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். 68 சதவீதம் உள்ளே, மிச்சம் எல்லாம் மேலே என்றால் அது ஆரோக்கியமான 68 கிடையாது.

புள்ளிகளின் ஊடே பொருத்தும் தொடர்புப்போக்குக் கோட்டின் வெட்டும் புள்ளியும் சாய்வும் நோயைக் காட்டிக்கொடுக்கும். ஏஓடி பூஜ்யத்தை நெருங்கும்போது செயற்கைக்கோள் பார்ப்பது பெரும்பாலும் நிலத்தைத்தான். எனவே வெட்டும் புள்ளி பூஜ்யத்திலிருந்து விலகினால் நிலப் பிரதிபலிப்பைப் பற்றிய ஊகம் தப்பு என்று சந்தேகிக்கலாம். நிலப் பிரதிபலிப்பில் 0.01 பிழை ஏஓடியில் சுமார் 0.1 பிழையாக வந்து நிற்கும். சாய்வு 1இலிருந்து விலகினால், அதிக ஏஓடியில் துகளின் உறிஞ்சும் தன்மையைப் பற்றிய ஊகம் பொருந்தவில்லை. உண்மையில் ஒளியை அதிகம் உறிஞ்சும் கரும்புகையை, உறிஞ்சாத துகள் என்று நிரல் எடுத்துக்கொண்டால் ஏஓடியைக் குறைத்தே சொல்லும். ஏஓடி மதிப்புகள் சிறியவை பக்கம் குவிந்து பெரியவை பக்கம் நீண்ட வால் விடுவதால், சாதாரணக் கோட்டை ஒருசில பெரிய புள்ளிகள் இழுத்துவிடும். அவற்றை நீக்கியும் ஒருமுறை வரைந்து பாருங்கள்.

ஆறாம் படி: பிழையைக் கூறுபோடுதல்

இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். ஜோடிகளைத் தரை ஏஓடி வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு கூறிலும் சம எண்ணிக்கை வரும்படி பிரித்து, கூறுக்கு ஒரு இடைநிலைப் பிழை வரையுங்கள். பிறகு இதையே அடுக்குக்குறி, பருவம், பார்வைக் கோணம், ஒளி சிதறும் கோணம், மேகப் பங்கு ஒவ்வொன்றுக்கும் செய்யுங்கள். மேகப் பங்கு கூடக்கூடப் பிழை மேலே ஏறினால் காரணம் மேகக் கலப்படம் அல்லது மேக ஓரம். அடுக்குக்குறி குறையும்போது மட்டும் பிழை வந்தால் புழுதியின் வடிவத்தை நிரல் சரியாகக் கையாளவில்லை. குளிர்நாட்டு நிலையத்தில் வசந்த காலத்தில் மட்டும் பிழை எகிறினால் பனி முழுதாக உருகாமல் கிடப்பதைப் பாருங்கள்.

ஆண்டுவாரியாகவும் பிரியுங்கள். மோடிஸ் தரவின் ஐந்தாம் பதிப்பில் டெர்ராவின் அளவுத்திருத்தம் மெல்ல நழுவியது. அந்த நழுவலே பல வட்டாரங்களில் ஏஓடி போக்குபோல் தோற்றம் தந்தது. ஆறாம் பதிப்பில் அது பெருமளவு திருத்தப்பட்டது. நீண்டகாலப் போக்கைப் பற்றி எழுதப் போகிறவர்கள் பிழையைக் காலத்துக்கு எதிராக வரைந்து பார்க்காமல் ஒரு வரிகூட எழுதக்கூடாது.

தரையின் பக்கமும் தவறு செய்யும். அடர்ந்த புகைமூட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது, தானியங்கி வடிகட்டி அதை மேகம் என்று நினைத்து நீக்கிவிடும். ஏரோநெட்டின் மூன்றாம் பதிப்பில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. எதிர்ப்பக்கம், சீராகப் பரவிய மெல்லிய உயர்மேகம் வடிகட்டியிலிருந்து தப்பிவிடும். அடுக்குக்குறி திடீரென்று பூஜ்யத்தை நெருங்கி, சுற்றுவட்டாரத்தில் புழுதிக்கான அறிகுறியே இல்லாவிட்டால் அந்த நாளைக் கவனியுங்கள்.

நிலையங்களைச் சேர்க்கும்போது

நாற்பது நிலையங்களின் ஜோடிகளை ஒரே குவியலாகக் கொட்டி ஒரு சதவீதம் சொன்னால், ஆண்டில் 300 நாள் வெயிலடிக்கும் இரண்டு மூன்று நிலையங்கள்தான் அந்த எண்ணைத் தீர்மானிக்கும். நிலையம் வாரியாகக் கணக்கிட்டு, பிறகு நிலையங்களின் பரவலைக் காட்டுங்கள். அடுத்தடுத்த நாட்களின் ஏஓடி ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் ஆயிரம் ஜோடி என்பது ஆயிரம் தனித்த சான்றுகள் ஆகாது. நம்பக எல்லைகளைக் கணக்கிட மறுமாதிரி எடுக்கும்போது தனி ஜோடிகளை எடுக்காமல் முழு வாரங்களை எடுங்கள்.

ஒப்பிடப்படும் இரண்டும் உண்மையிலேயே தனித்தனியானவைதானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கிய மெர்ரா-2 என்ற மறுபகுப்பாய்வுத் தரவு 2014 வரையிலான ஏரோநெட் அளவுகளையும் உள்ளே எடுத்துக்கொண்டது. அதை அதே காலத்து ஏரோநெட்டோடு ஒப்பிட்டு அருமையான பொருத்தம் என்று வியப்பதில் பொருளில்லை. செயற்கைக்கோள் நிரல்களும் துகள் மாதிரிகளை உருவாக்க ஏரோநெட்டின் பழைய பதிவுகளைப் பயன்படுத்துகின்றன. அந்தப் பதிவு எடுக்கப்பட்ட நிலையங்களின் அருகே முடிவு கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக இருக்கலாம்.

இரண்டு பக்கமும் மேகமற்ற நேரத்தில் மட்டுமே அளக்கிறது. ஆகவே கிடைக்கும் மதிப்பெண் வெயில் நாட்களுக்கானது. மழைப்பருவம் முழுக்க எட்டு ஜோடிதான் கிடைத்தது என்றால் அந்தப் பருவத்துக்கு முடிவு எதுவும் எழுதாமல், எட்டுதான் கிடைத்தது என்று எழுதிவிடுங்கள்.

வெளியிடும்போது செயற்கைக்கோள் தரவின் பெயர், பதிப்பு, தரக்குறியீட்டு வரம்பு, ஏரோநெட் பதிப்பும் நிலையும், ஆரம், நேரச் சாளரம், குறைந்தபட்ச எண்ணிக்கைகள், அலைநீளத்தை மாற்றிய முறை எல்லாம் கட்டுரையில் இருக்க வேண்டும். ஏரோநெட் நிலையங்களை நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லி, உரிய நன்றியையோ கூட்டாசிரியர் இடத்தையோ கொடுப்பது அந்த வலையமைப்பின் வழக்கம். அந்தக் கடிதத்தால் வேறு ஒரு நன்மையும் உண்டு. கருவியின் முகப்பில் சிலந்தி வலை கட்டியிருந்த வாரங்களும், பக்கத்தில் கட்டட வேலை நடந்த மாதங்களும் அவர்களுடைய குறிப்பேட்டில்தான் இருக்கும்.